மனசாட்சிக்குப் பத்து மதிப்பெண்

அந்தப் பயிற்சி நிலையத்தின் வாசலில் இரண்டு பலகைகள் இருந்தன. "ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் பயிற்சி. நூறு சதவீதத் தேர்ச்சி, நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்றது ஒன்று. "செருப்பை இங்கே விடவும்" என்றது இன்னொன்று. முதல் பலகையை நம்பி வந்தவர்கள் இரண்டாவது பலகைக்குக் கட்டுப்பட்டு உள்ளே போனார்கள். நூறு சதவீதத் தேர்ச்சியில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. தேறமாட்டார் என்று தோன்றுகிறவரைச் சான்றிதழ் தேர்வுக்கே அனுப்புவதில்லை. தேர்வு எழுதாதவர் எப்படித் தோற்பார்?

நிலையத்தின் இயக்குநருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஸ்டெரைல் சார், அதாவது கிருமி அண்டாத சார். அதற்கு முன் மருத்துவமனைகளுக்குப் பஞ்சும் பேண்டேஜும் விற்றுக்கொண்டிருந்தவர். அறுவை மேஜைக்குப் பக்கத்தில் வாழ்நாளில் ஒருமுறைகூட நின்றதில்லை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை பச்சை உடுப்புதான். முடிவெட்டக்கூட அதிலேயே போவார். கிருமி நீக்கிக் கையுறை போட்டவர்கள் எதன் மீதும் பட்டுவிடாதபடி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் உயர்த்திப் பிடிப்பார்கள் அல்லவா, அவரும் அப்படியே பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடப்பார். கதவை முழங்கையால் தள்ளுவார். முழங்கையால் திறக்கமுடியாத கதவு வந்தால் யாராவது வரும்வரை நின்றுகொண்டிருப்பார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு தர்மம் உண்டு. கையுறை போட்ட கை எதிலாவது பட்டுவிட்டால் பெரும்பாலும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லிக் கையுறையை மாற்றிக்கொள்ளவேண்டும். சொல்லாமல் விட்டால் மேஜையில் படுத்திருப்பவர் அனுபவிப்பார். பாடம் நடத்தும் அம்மா இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஸ்டெரைல் சாருக்கோ ஏதோ ஒரு கருத்தரங்கில் இதைக் கேட்டதிலிருந்து உறக்கம் போய்விட்டது. மனசாட்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார். பத்து மதிப்பெண்ணும் ஒதுக்கினார்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் கூடத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் தான் செய்து, யாரும் பார்க்காமல்போன ஒரு தப்பை நெஞ்சில் கைவைத்துச் சொல்லவேண்டும். சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மனம் உருகினால் மதிப்பெண் கூடும். கண்ணீர் வந்தால் முழுசாகக் கிடைக்கும்.

ஒரே மாதத்தில் வகுப்பு தேறிவிட்டது. செய்யாத தப்பையெல்லாம் செய்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி கவுன் நாடாவைத் தரையில் உரசவிட்டாள். இன்னொருத்தி காதுக்குப் பின்னால் சொறிந்தாள். மொட்டை என்று அழைக்கப்பட்ட பையன் மேஜைக்கு நேராகத் தும்மியதாகத் தொடர்ந்து மூன்று வாரம் சொன்னான்.

"தம்பி, அடுத்த வாரம் வேற எதையாவது பண்ணு" என்றார் சார், கண்ணைத் திறக்காமலே.

இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் குட்டி. அவளுடைய அண்ணன் மனைவியும் அதே வகுப்பில் படித்தாள். குட்டி அவளை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடப்போக, மொட்டை முதல் பாடம் நடத்தும் அம்மாவரை அனைவருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

குட்டி வியாழக்கிழமை இரவே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்ப்பாள்.

"அண்ணி, நாளைக்கு எதைத் தொட்டேன்னு சொல்லட்டும்? விளக்குக் கைப்பிடியைத் தொட்டேன்னு சொன்னா நல்லாயிருக்குமா?"

"தொட்டியா?"

"தொட்டா என்ன, தொடலைன்னா என்ன? உங்களுக்கு எல்லாமே நிஜமா நடந்திருக்கணும்."

அண்ணிக்கு அதுதான் கோளாறு. பதினைந்து வயது முதல் வீட்டு வேலை செய்து பழகிய கை. எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். அறுவை மேஜையில் கருவிகளை அடுக்கினால் கோணல் வராது. கேட்பதற்கு முன்பே கத்தரி டாக்டரின் உள்ளங்கையில் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் எழுந்து நின்று, "இந்த வாரம் ஒண்ணும் இல்லை சார்" என்பாள். சார் கண்ணைத் திறப்பார். மனசாட்சிக்குப் பூஜ்யம் விழும்.

அவள் தேறியாகவேண்டியிருந்தது. அவளுடைய கணவன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அடுப்பு மாதிரிக் கொதிக்கிற இயந்திரம் ஒன்று, அதற்குப் பின்னால் ஒருவர் நிற்கிற சந்து, அந்தச் சந்தை மறித்துப் போட்ட நாற்காலியில் மாமியார். கல்யாணமானதிலிருந்து அண்ணி அந்தச் சந்தில்தான் நின்றாள். மாமியார் காலை மடக்கினால்தான் வெளியே வரமுடியும். மாமியாரோ லேசில் காலை மடக்குகிற ஆளில்லை. குட்டியைத் தனியாகப் பயிற்சிக்கு அனுப்பப் பயந்துபோய்த் துணைக்கு இவளையும் சேர்த்துவிட்டார்கள். அப்படிக் கிடைத்ததுதான் இந்தப் படிப்பு.

"நீ பரீட்சை எழுதி வேலைக்குப் போயிட்டேன்னா சரி. இல்லைன்னா பேசாம கடைக்கு வந்துரு" என்று கணவன் சொல்லியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அவ இல்லாம மெஷின் பக்கத்துல நின்னு நின்னு என் பையன் பாதி வெந்துட்டான்" என்பார் மாமியார், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

பயிற்சி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பெரிய மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி கொடுத்தார்கள். அண்ணியும் குட்டியும் பெரிய டாக்டரின் தியேட்டருக்குப் போனார்கள். ஒரு பஸ் டிரைவருக்குக் குடலிறக்க அறுவை. அண்ணி கையுறை போட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தாள். குட்டி கையுறை போடாத வெளியாளாக, மேஜையைத் தொடாமல் தள்ளி நின்று பாக்கெட்டுகளைப் பிரித்துப் போட்டாள்.

பெரிய டாக்டர் தாம் புதிதாக வாங்கிய காரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே அறுத்தார். வயிற்றுக்குள் வைத்துத் தைக்கவேண்டிய வலையைக் குட்டி பிரித்துப் போட்ட நேரம், டாக்டரின் மூக்குக்கண்ணாடி சரிந்தது. கையுறை போட்ட விரலாலேயே அதை மேலே தள்ளிக்கொண்டார். அதே விரல் வலையை எடுக்க நீண்டது.

"டாக்டர், கிளவுஸ்..." என்றாள் அண்ணி.

"கிளவுஸுக்கு என்ன?"

"மாத்திக்கலாமா டாக்டர்?"

"ஏம்மா, உனக்கு டைட்டா இருக்கா?"

மயக்க மருந்து டாக்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் நர்ஸும் சிரித்தாள். அண்ணி புதிய ஜோடியை எடுத்து, அவர் கை நுழைக்க வாகாக விரித்துப் பிடித்தாள்.

"அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. பாத்திரம் கழுவ ஆகும்" என்றார் பெரிய டாக்டர். வலை உள்ளே போயிற்று.

மாஸ்க்குக்கு மேலே குட்டியின் கண்கள் அண்ணியின் கண்களைப் பார்த்தன. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் குட்டி அவள் காதில் கிசுகிசுத்தாள். "கண்ணாடியைத் தள்ளிட்டு அப்படியே கையை வச்சாரே, பாத்தீங்களா அண்ணி? எனக்கே திக்குன்னு ஆயிருச்சு."

"சொன்னேனே. கேக்கலையே."

"நல்லவேளை, அதோட விட்டீங்க."

தேர்வுக்கு அனுப்பவேண்டியவர்களைச் சார் முடிவு செய்கிற வாரம் வந்தது. அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கைவேலை பிரமாதம். ஆனா மனசாட்சியில நீங்க ஃபெயிலு."

"தப்புப் பண்ணாதப்போ என்னன்னு சார் சொல்றது?"

"தப்பே பண்ணலைன்னு சொல்ற தைரியம் இருக்கு பாருங்க, அதைத்தான் சொல்றேன். குட்டியைப் பாருங்க. வாரம் தவறாம எத்தனை தப்பு! எவ்வளவு பக்குவம்!" முழங்கையால் தண்ணீர் டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தினார். "வர்ற வெள்ளிக்கிழமை கடைசி. முழு மார்க் வாங்கினா பரீட்சைக்கு அனுப்பறேன். இல்லைன்னா என் நூறு சதவீதத்தை உங்களுக்காக நான் பலி கொடுக்க முடியாதும்மா."

அன்றிரவு குட்டி உபதேசம் செய்தாள். "எதையாவது சொல்லித் தொலைங்க அண்ணி. யாருக்கு என்ன நஷ்டம்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்குக் கற்பனை வராது. அண்ணி எவ்வளவோ யோசித்தும் எங்கேயோ பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது. பெரிய டாக்டரின் விரலையே கடன் வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணாடி கிடையாது என்பதால் சரிந்த கண்ணாடியைச் சரிந்த மாஸ்க்காக மாற்றிக்கொண்டாள். அவளால் முடிந்த புனைவு அவ்வளவுதான்.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. பஸ் டிரைவருக்கு வைத்த வலை சீழ் பிடித்து, மறுபடி வயிற்றைத் திறந்து அதை வெளியே எடுத்திருந்தார்கள். அவருடைய தம்பிகள் மருத்துவமனை வாசலைவிட்டு நகராமல் நின்றார்கள். யாருடைய தலையாவது உருண்டால்தான் நகர்வார்கள். நிர்வாகம் தலை தேடிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கூடத்தின் முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுப்பதற்காகப் பெரிய டாக்டரும் மருத்துவமனை நிர்வாகியும் வந்திருந்தார்கள். "எங்க மாணவர்கள் கைய மட்டுமில்ல, மனசையும் கழுவிக்கிறவங்க" என்று சார் அவர்களுக்கு விளக்கினார். பெரிய டாக்டர் பிஸ்கட்டைக் கடித்தபடி தலையாட்டினார்.

குட்டி விளக்குக் கைப்பிடியைத் தொட்டாள், அழுதாள், பத்து வாங்கினாள். அடுத்தது அண்ணி. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்ற பிறகுதான் முன்வரிசையில் இருப்பது யார் என்று பார்த்தாள். வேறொரு தப்பை யோசித்தாள். வரவில்லை. உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தாள். சார் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு அவள் முதுகில் அடித்தது.

"இந்த வாரம் இல்லை சார். போன மாசம்... ஒரு குடலிறக்க ஆபரேஷன். என் மாஸ்க் சரிஞ்சுது சார். கிளவுஸ் போட்ட கையால தள்ளி விட்டுக்கிட்டேன். யாரும் பாக்கலை. அதே கையால வலையை எடுத்துக் கொடுத்தேன். கிளவுஸ் மாத்தலை."

பயத்தில் கண் தானாகவே கலங்கியது. சார் கண்ணை மூடியபடியே பத்துப் போட்டார்.

நிர்வாகி பெரிய டாக்டரின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். பெரிய டாக்டர் மெல்ல எழுந்தார். தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எத்தனையோ மருத்துவக் கல்லூரியில பேசியிருக்கேன். இப்படி ஒரு நேர்மையை நான் எங்கேயும் பாத்ததில்லை" என்றார். குரல் தழுதழுத்தது. அவர் கை தட்டினார். கூடமே தட்டியது. பலமாகத் தட்டியது மொட்டைதான்.

தேநீர் இடைவேளை முடியும்வரை அண்ணி சந்தோஷமாக இருந்தாள். அதற்குப்பின் சாரின் அறையிலிருந்து ஆள் வந்தது.

உள்ளே நிர்வாகி விஷயத்தைச் சொன்னார். சீழ், மறு அறுவை, வாசலில் தம்பிகள். "நீங்களா முன்வந்து ஒத்துக்கிட்டதுல எங்களுக்குப் பெரிய பாரம் இறங்கிச்சும்மா."

அண்ணி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். "அது... அது நடக்கலை சார். மார்க்குக்காகச் சொன்னேன். அன்னைக்குக் கண்ணாடியைத் தள்ளினது டாக்டர். நான் கிளவுஸ் மாத்தச் சொன்னேன். புது ஜோடி எடுத்துக்கூட நீட்டினேன். டாக்டர், உங்களுக்கே தெரியும்."

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. அவளைப் பரிவோடு பார்த்தார்.

"நீட்டினீங்கம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏன் நீட்டினீங்கன்னு அப்போ புரியலை. மனசு உறுத்தியிருக்கு. இப்பதான் புரியுது."

"மனசாட்சி நேரத்துல பொய்யா?" ஸ்டெரைல் சாரின் கைகள் நெஞ்சிலிருந்து இன்னும் கொஞ்சம் உயர்ந்தன. "நெஞ்சுல கை வச்சுட்டுப் பொய்யா? இவ்வளவு பெரிய மனுஷர் முன்னாடி?"

"எல்லாருமே பொய்தான் சார் சொல்றாங்க!"

"அடுத்தவங்களை இழுக்காதீங்க. அது அதைவிடக் கேவலம்."

அண்ணி கதவைப் பார்த்தாள். "குட்டியைக் கூப்பிடுங்க. அவ பாத்தா. பஸ்ஸுல என்கிட்டச் சொன்னா."

குட்டி வந்தாள். அவளைப் பெரிய டாக்டரின் தியேட்டருக்கே எடுத்துக்கொள்வதாகச் சற்றுமுன்தான் சொல்லியிருந்தார்கள். வரும்போதும் சிரிப்பு அடங்காமல் பல்லெல்லாம் தெரிந்தது. டிரைவருக்கு நேர்ந்ததை நிர்வாகி அவளுக்கும் சொன்னார்.

"குட்டி, அன்னைக்குக் கண்ணாடியைத் தள்ளினது யாரு? சொல்லு."

குட்டி அண்ணியைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். கடைசியில் தரையைப் பார்த்தாள்.

"நான் பாக்கலை அண்ணி. நூல் பாக்கெட்டைப் பிரிச்சுட்டிருந்தேன்."

"குட்டி!"

குட்டியின் கை தானாகவே நெஞ்சுக்குப் போயிற்று. பழக்கம். உதடு துடித்தது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நான் பாத்திருக்கணும் சார். பாக்காம இருந்தது என் தப்பு. அண்ணி தப்புப் பண்றப்போ நான் பாத்துத் தடுத்திருந்தா அந்த டிரைவர் அண்ணன் இன்னைக்கு நல்லா இருந்திருப்பாரு."

பெரிய டாக்டர் நிர்வாகியைப் பார்த்துத் தலையசைத்தார். நல்ல பெண்ணைத்தான் எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு நோயாளியைக் கெடுத்ததாக ஒத்துக்கொண்டவளைச் சான்றிதழ் தேர்வுக்கு அனுப்பமுடியாது. மற்றவர்கள் எழுதினார்கள், அனைவரும் தேறினார்கள், நூறு சதவீதத்துக்குக் கீறல் விழவில்லை. இரண்டாவது நூறு சதவீதம்தான் இடித்தது. பயிற்சி முடித்த எல்லாருக்கும் வேலை என்று பலகையில் இருக்கிறதே. சார் அண்ணியை மறுபடி கூப்பிட்டார்.

"உங்களை அப்படியே விட்டுருவேன்னு நினைச்சீங்களா? உங்க கதை கேக்கறவங்களை உலுக்குதும்மா. டாக்டரே அழுதுட்டார். புது பேட்ச்சுக்கு மனசாட்சி வகுப்பை நீங்கதான் எடுக்கறீங்க."

"பொய்ன்னு தெரிஞ்சுமா சார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா." கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வேணாம்னா விட்டுருங்க. கடை இருக்குல்ல?"

வீட்டில் செய்தி கேட்டதும் மாமியார் வாயெல்லாம் பல்லாகிவிட்டார். "குட்டிக்கும் வேலை, உனக்கும் வேலை. உனக்கு நின்னு பேசற வேலைதான? இங்கேயும் நின்னுக்கிட்டுத்தான இருந்தே." கணவன் மட்டும், "நீ நிஜமாவே அப்படிப் பண்ணியா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். பிறகு அவன் கேட்கவே இல்லை.

புது பேட்ச்சின் முதல் நாளுக்குச் சார் தடபுடலாக ஏற்பாடு செய்தார். கதையிலும் கை வைத்தார். "மாஸ்க் எடுபடலைம்மா. கண்ணாடின்னு வச்சுக்கலாம். பின்வரிசைக்கும் தெரியும்." வெறும் கண்ணாடி போட்ட ஃபிரேம் ஒன்றை அவரே வாங்கி வந்து கொடுத்தார். பெரிய டாக்டர் சிறப்பு விருந்தினர். அவருக்குப் பின்னால் குட்டி, கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டையோடு. அண்ணிக்குத் தெரியாமல் சார் இன்னொருவரையும் வரவழைத்திருந்தார். சம்பந்தப்பட்டவர் மேடைக்கு வந்து மன்னிப்பதுபோல் இருந்தால் நிகழ்ச்சி களைகட்டும் என்பது அவருடைய கணக்கு.

அண்ணி மூக்கில் கண்ணாடியோடு கதையைச் சொன்னாள். விரலால் அதை மேலே தள்ளியும் காட்டினாள். பெரிய டாக்டர் தள்ளியது போலவே தள்ளினாள். வேறுவிதமாகத் தள்ள அவளுக்குத் தெரியாது. புதிய மாணவிகளில் ஒருத்தி விசும்பினாள்.

அப்போது பக்கத்து வாசல் வழியாக ஒரு மனிதர் வந்தார். வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டார். மறுபடி பஸ் ஓட்டமுடியாது என்று சொல்லிவிட்டார்களாம். படி ஏறச் சார் முழங்கையை நீட்டினார். அவர் அதைப் பிடிக்கவில்லை.

"இவங்கதான்" என்றார் சார், மைக்கில். "மன்னிப்பு ஒரு பெரிய குணம். ஐயா ரெண்டு வார்த்தை..."

டிரைவர் மைக்கை வாங்கவில்லை. அண்ணிக்கு நேராக வந்து நின்றார்.

"எந்தக் கை?" என்றார்.

முன்வரிசையில் பெரிய டாக்டரின் கண்ணாடி சரிந்திருந்தது. மேலே போய்க்கொண்டிருந்த அவர் விரல் மூக்குக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. பிறகு இறங்கிக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. அண்ணி அதைப் பார்த்தாள். குட்டி பார்த்ததையும் பார்த்தாள். "அதோ, அந்தக் கை" என்று மூன்றே வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் அடுத்து எங்கே போய் நிற்கவேண்டும் என்பதும் தெரிந்தது. சந்து, சூடு, மடங்காத கால்.

வலது கையைத் தூக்கினாள்.

டிரைவர் அந்தக் கையை உற்றுப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இதாலதான் இன்னமும் சோறு திங்கறியா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முதலில் கை தட்டியது பெரிய டாக்டர். கூடம் அதிர்ந்தது.

கைதட்டலுக்கு நடுவே சார் அண்ணியின் பக்கம் குனிந்தார். "பிரமாதம்மா. அடுத்த தடவை கையை இன்னும் கொஞ்சம் உயரமாத் தூக்குங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியலை."